அல்ட்ராக்ரெபிடேரியன்: செருப்பைத் தாண்டிப் போனவரின் கதை

அல்ட்ராக்ரெபிடேரியன் என்று ஒரு ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டது, லத்தீனிலிருந்து வந்தது என்கிறார்கள், உண்மையில் என்ன பொருள், இன்றைக்கு யாராவது அதைப் பயன்படுத்துகிறார்களா என்பது உங்கள் கேள்வி. சுருக்கமான பதில்: தனக்குத் தெரிந்த எல்லையைத் தாண்டிப் போய், தெரியாத விஷயத்தில் தீர்ப்புச் சொல்கிற ஆளுக்கு அந்தப் பெயர். பெயர்ச்சொல்லாகவும் வரும், பெயரடையாகவும் வரும். பெரும்பாலான அகராதிகள் இதோடு நிறுத்திக்கொள்ளும். ஆனால் இந்தச் சொல்லின் பாதிப் பொருள் அது பிறந்த கதைக்குள்தான் இருக்கிறது, அந்தப் பாதியை இப்போது பலரும் கவனிப்பதில்லை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சொல்லைப் பிரித்துப் பார்ப்போம். அல்ட்ரா என்றால் அப்பால், தாண்டி. அல்ட்ராவயலட், அல்ட்ராசவுண்ட் எல்லாவற்றிலும் இருப்பது இதே அல்ட்ராதான். கடைசியில் இருக்கும் 'ஏரியன்' வெஜிடேரியன், லைப்ரேரியன் போன்றவற்றில் வரும் விகுதி. நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும் க்ரெபிடாதான் சுவாரசியமான ஆள். அது தடித்த அடிப்பகுதியும் வாரும் கொண்ட ஒரு வகைச் செருப்பு. லத்தீனின் சொந்தச் சொல்லும் அல்ல, க்ரேபிஸ் என்ற கிரேக்கச் சொல்லை ரோமானியர்கள் எடுத்துக்கொண்டது. அவர்கள் கண்ணில் அது கிரேக்கர்களின் காலணி, எந்த அளவுக்கு என்றால், கிரேக்கக் கதைகளை வைத்து லத்தீனில் எழுதிய துன்பியல் நாடகங்களுக்கே ஃபாபுலா க்ரெபிடாட்டா, அதாவது க்ரெபிடா போட்ட நாடகம் என்று பெயர் வைத்தார்கள். ஆக, நேரடிப் பொருள்: செருப்புக்கு அப்பால் போகிறவர். (தளர்ந்து சிதைந்த என்று பொருள்படும் டிக்ரெபிட் என்ற ஆங்கிலச் சொல்லோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். அதில் இருப்பது கரகரவென்று ஒலி எழுப்புவதைக் குறிக்கும் வேறொரு லத்தீன் வினை.)

சரி, யார் செருப்புக்கு அப்பால் போனார், எதற்காக?

கதை மூத்த பிளினியிடமிருந்து வருகிறது. 37 புத்தகங்கள் கொண்ட 'இயற்கை வரலாறு' என்ற மாபெரும் தொகுப்பை எழுதி, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது இறந்துபோனாரே, அவர்தான். அந்தத் தொகுப்பின் 35ஆவது புத்தகத்தில் ஓவியர்களைப் பற்றி எழுதும்போது அப்பெல்லிஸைப் பற்றிப் பேசுகிறார். அப்பெல்லிஸ் கி.மு. 4ஆம் நூற்றாண்டுக்காரர், அலெக்சாந்தருக்குப் பிடித்த ஓவியர், அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை என்று பேர். அவர் வரைந்த ஒரு படம்கூட இன்று மிஞ்சவில்லை, இப்படிச் சில கதைகள்தான் மிஞ்சியிருக்கின்றன.

அவருக்கு ஒரு பழக்கமாம். ஓவியத்தை முடித்ததும் வழியில் போவோர் வருவோர் பார்க்கிற இடத்தில் வைத்துவிட்டு, அந்தப் பலகைக்குப் பின்னாலேயே ஒளிந்துகொண்டு, யார் என்ன குறை சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்பார். தன்னைவிடப் பொதுமக்கள் கவனமான நீதிபதிகள் என்பது அவருடைய எண்ணம் என்கிறார் பிளினி. ஒருநாள் செருப்புத் தைப்பவர் ஒருவர் வந்தார். படத்தில் இருக்கும் செருப்பில், உட்பக்கம், வார் கோக்கும் வளையம் ஒன்று குறைகிறது என்றார். அப்பெல்லிஸ் அதை ஏற்றுக்கொண்டு திருத்திவிட்டார். மறுநாள் அதே ஆள் திரும்பி வந்தார், தான் சொன்னது திருத்தப்பட்டிருப்பதைப் பார்த்தார், தலைக்கனம் ஏறிவிட்டது. இந்த முறை படத்தில் இருந்தவரின் கெண்டைக்காலைப் பற்றிக் குற்றம் சொல்ல ஆரம்பித்தார். அப்பெல்லிஸ் கோபத்தோடு பலகைக்குப் பின்னாலிருந்து தலையை நீட்டி, செருப்புத் தைப்பவர் செருப்புக்கு மேலே தீர்ப்புச் சொல்லக் கூடாது என்றாராம். லத்தீனில் பிளினி எழுதியது: நே சூப்ரா க்ரெபிடாம் சூடோர் யூடிகாரெட். இதுவும் பழமொழியாகிவிட்டது என்று அவரே கடைசியில் சேர்த்துவிடுகிறார். அதாவது 1,900 ஆண்டுகளுக்கு முன்பே இது தேய்ந்த வசனம்.

இதில் சூடோர் என்பது தைப்பவர். ஆங்கிலத்தில் தையல் போடுவதற்கு மருத்துவர்கள் சொல்லும் சூச்சர் இதே வேரிலிருந்து வந்தது. நூல் என்று பொருள்படும் சமஸ்கிருத சூத்திரத்தையும் இதே குடும்பத்தில்தான் மொழியியலாளர்கள் சேர்க்கிறார்கள்.

இப்போது ஒரு சின்ன விஷயத்தைக் கவனியுங்கள், எனக்கு இந்தக் கதையிலேயே ரொம்பப் பிடித்தது இதுதான். பிளினி எழுதியது சூப்ரா, அல்ட்ரா இல்லை. சூப்ரா என்றால் மேலே. படத்தில் செருப்பு கீழே இருக்கிறது, கெண்டைக்கால் அதற்கு மேலே இருக்கிறது, அந்த ஆளின் கண் கீழேயிருந்து மேலே ஏறியது. ஆக, அப்பெல்லிஸ் சொன்னது அச்சு அசலாக ஓர் இடத்தைப் பற்றிய பேச்சு: உன் பார்வை இந்த உயரத்தோடு நிற்கட்டும். பிளினிக்கு முன்பே வலேரியுஸ் மாக்ஸிமுஸ் என்ற ரோமானிய எழுத்தாளர் இதே சம்பவத்தை ஓவியர் பெயர் சொல்லாமல் எழுதியிருக்கிறார், அங்கேயும் பாதத்துக்கு மேலே ஏறாதே என்றுதான் வருகிறது. பிற்காலத்தில் பழமொழியாக ஐரோப்பா முழுக்கச் சுற்றியபோதுதான் அது 'நே சூடோர் அல்ட்ரா க்ரெபிடாம்' என்று மாறியது. 16ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் வீட்டில் எல்லாம் இருந்த டச்சு அறிஞர் எராஸ்மஸின் பழமொழித் தொகுப்பில் இந்த வடிவம்தான் இருக்கிறது. சூப்ரா போய் அல்ட்ரா வந்ததும் படம் மறைந்துவிட்டது. மேலே என்றிருந்தது அப்பால் என்றானதும் செருப்பு ஒரு தொழிலாகிவிட்டது, கெண்டைக்கால் மற்ற எல்லாத் துறைகளுமாகிவிட்டது. இந்த மாற்றம் நடந்திருக்காவிட்டால் நமக்கு இன்று கிடைத்திருப்பது சூப்ராக்ரெபிடேரியனாக இருந்திருக்கும், வாயில் நுழைவதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை.

ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இந்தப் பழமொழிக்கு வழிவந்தவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஜெர்மனிலும் டச்சிலும் ஆங்கிலத்திலும், செருப்புத் தைப்பவரே, உங்கள் அச்சுக்கட்டையோடு இருங்கள் என்கிற மாதிரி வரும். ஸ்பானிய மொழியில், உன் செருப்பைப் பார் என்று இன்னும் சுருக்கமாக முடித்துவிடுவார்கள்.

ஆங்கிலச் சொல்லுக்கு வருவோம். இதை அச்சில் நிலைநிறுத்தியவர் வில்லியம் ஹாஸ்லிட், ஆண்டு 1819. அவர் கட்டுரையாளர், விமர்சகர், அரசியலில் தீவிர முற்போக்கு. எதிரில் இருந்தவர் வில்லியம் கிஃபோர்ட், 1809இல் தொடங்கிய குவார்ட்டர்லி ரிவ்யூ என்ற பழமைவாத இதழின் முதல் ஆசிரியர். அந்த இதழ் ஹாஸ்லிட்டின் புத்தகங்களைத் துவைத்துக் காயப்போட்டது, ஷேக்ஸ்பியர் பாத்திரங்களைப் பற்றிய அவருடைய புத்தகத்தின் விற்பனை அந்த மதிப்புரைக்குப் பிறகு படுத்துவிட்டது என்று அவர் புலம்பியிருக்கிறார். ஆங்கிலக் கவிஞர் கீட்ஸின் கவிதையை 1818இல் கிழித்துப்போட்டதும் இதே இதழ்தான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்த ஹாஸ்லிட் 'வில்லியம் கிஃபோர்டுக்கு ஒரு கடிதம்' என்று ஒரு தனிப் பிரசுரமே போட்டார். உங்களுக்குப் பிடிக்காதவர்களைப் பற்றிப் பொய் சொல்லும் அசிங்கமான பழக்கம் உங்களுக்கு இருக்கிறது, அதைக் குணப்படுத்தத்தான் இந்தக் கடிதம் என்று தொடங்குகிறது அது. அந்தக் கடிதத்துக்குள்தான் கிஃபோர்டை அல்ட்ராக்ரெபிடேரியன் விமர்சகர் என்கிறார். ஆனால் அவர் வாக்கியத்தை அமைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள்: உங்களை அப்படி அழைத்திருப்பது பொருத்தம்தான் என்கிறார். அதாவது வேறு யாரோ முன்பே சொன்ன மாதிரி எழுதுகிறார். ஆகவே ஹாஸ்லிட் கண்டுபிடித்த சொல் என்று அடித்துச் சொல்கிறவர்களை அப்படியே நம்ப வேண்டாம், அச்சில் கிடைக்கும் பழைய ஆதாரம் அவருடையது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. 1823இல் கவிஞர் லீ ஹன்ட், 'அல்ட்ரா-க்ரெபிடாரியுஸ்' என்ற தலைப்பிலேயே கிஃபோர்டைக் கிண்டலடித்து ஒரு நீண்ட கவிதை எழுதினார்.

ஏன் இந்தச் சொல், அதுவும் ஏன் கிஃபோர்டுக்கு? காரணம் கொஞ்சம் கசப்பானது. கிஃபோர்ட் நிஜமாகவே செருப்புத் தைக்கும் தொழில் பழகியவர். டெவன் பகுதியில் ஆஷ்பர்ட்டன் என்ற ஊரில் சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, கொஞ்ச நாள் கப்பலில் எடுபிடியாக இருந்து, அப்புறம் செருப்புத் தைக்கும் ஒருவரிடம் ஒப்பந்தப்படி வேலைக்கு விடப்பட்டவர். காகிதம் வாங்கக் காசில்லாமல், தட்டி வழவழப்பாக்கிய தோல் துண்டுகளில் மழுங்கிய குத்தூசியால் அல்ஜீப்ரா கணக்குப் போட்டுப் படித்ததை அவரே எழுதி வைத்திருக்கிறார். ஊர் மருத்துவர் ஒருவர் நிதி திரட்டி அந்த ஒப்பந்தத்திலிருந்து மீட்டுப் படிக்கவைத்தார், அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்ட் வரை போனார், லத்தீன் கவிஞர் ஜுவெனாலை மொழிபெயர்த்து 1802இல் வெளியிட்டார். லத்தீன் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எனவே அல்ட்ராக்ரெபிடேரியன் என்று யாராவது சொன்னால் விளக்கம் கேட்காமலே அவருக்குச் சுருக்கென்று குத்தும். நீ இலக்கியம் பேசக் கூடாது என்பதோடு, நீ எங்கிருந்து வந்தாய் என்று எங்களுக்குத் தெரியும் என்பதும் சேர்ந்தே வருகிறது.

நேர்மையாகச் சொல்ல வேண்டுமென்றால், இதில் ஹாஸ்லிட்டின் கை சுத்தம் இல்லை. சாதாரண மக்களின் பக்கம் நின்று வாழ்நாள் முழுக்க எழுதிய மனிதர், எதிரியை அடிக்க வேண்டும் என்றதும் எடுத்துக்கொண்ட கல் எதிரியின் பழைய தொழில். அவருக்குக் கிஃபோர்ட் மேல் இருந்த கோபத்துக்கு நியாயம் நிறையவே உண்டு, அந்தக் கல்லுக்கு இல்லை. அந்தச் சமயத்தில் அல்ட்ரா என்பது அரசியலில் சூடான சொல்லாகவும் இருந்தது. நெப்போலியன் வீழ்ந்த பிறகு பிரான்சில் மன்னராட்சித் தீவிரவாதிகளை அல்ட்ராக்கள் என்றுதான் அழைத்தார்கள். பழமைவாத இதழின் ஆசிரியரை அல்ட்ரா என்று தொடங்கும் சொல்லால் அழைத்ததில் அந்தக் குத்தும் கலந்திருக்கும் என்பது என் ஊகம்.

இனி, இன்றைய பொருள். இப்போது இந்தச் சொல்லைப் பெரும்பாலும், ஒன்றும் தெரியாமல் எல்லாவற்றையும் பற்றி அளக்கிற ஆள் என்ற பொருளில் பயன்படுத்துகிறார்கள். கோவிட் காலத்தில் ஆளாளுக்கு நோய்ப்பரவல் நிபுணர் ஆனபோது அரிய சொற்களைத் திரட்டுகிறவர்கள் இதைத் தூசி தட்டி எடுத்தார்கள். தவறான பயன்பாடு என்று சொல்ல முடியாது, அகராதி இடம் கொடுக்கிறது. ஆனால் கதையை மறுபடி பாருங்கள். செருப்புத் தைப்பவர் முட்டாள் இல்லை. முதல் நாள் அவர் சொன்னது சரி, உலகின் தலைசிறந்த ஓவியரே அதை ஏற்றுக்கொண்டு திருத்தினார். சிக்கல் இரண்டாம் நாளில்தான். நேற்று சரியாகச் சொன்னேன், அதனால் இன்றும் சரியாகத்தான் சொல்வேன் என்று அந்த மனிதருக்குத் தோன்றியது. என்னைக் கேட்டால் இந்தச் சொல் முழு வலுவோடு பொருந்துவது ஒரு துறையில் உண்மையிலேயே கெட்டிக்காரராக இருப்பவருக்குத்தான். எதுவுமே தெரியாமல் பேசுகிறவருக்கு வேறு சொற்கள் ஏராளமாக இருக்கின்றன.

இதற்கு உதாரணம் வேண்டுமென்றால் நோபல் பரிசு பெற்றவர்களிடமே கிடைக்கும். லைனஸ் பாலிங் 1954இல் வேதியியலுக்கும் 1962இல் அமைதிக்கும் நோபல் வாங்கியவர், இரண்டையும் யாரோடும் பகிராமல் வாங்கியவர். வேதிப்பிணைப்பு பற்றி அவர் சொன்னால் உலகம் கேட்கும், கேட்கவும் வேண்டும். அவரே 1970இல் அதிக அளவு வைட்டமின் சி சளியைத் தடுக்கும் என்று புத்தகம் எழுதினார், பிறகு புற்றுநோய்க்கும் அதைப் பரிந்துரைத்தார். பின்னால் நடந்த சோதனைகளில், தினமும் வைட்டமின் சி சாப்பிடுவதால் சாதாரண மக்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை, பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் போகிறது, அவ்வளவுதான். புற்றுநோய் விஷயத்தில் மேயோ கிளினிக் நடத்திய சோதனைகள் அவருடைய கருத்தை உறுதிப்படுத்தவில்லை. டிரான்சிஸ்டருக்காக 1956இல் இயற்பியல் நோபலைப் பகிர்ந்துகொண்ட வில்லியம் ஷாக்லி, பிற்காலத்தில் இனத்தையும் அறிவுத்திறனையும் முடிச்சுப் போட்டுப் பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். பி.சி.ஆர். முறைக்காக 1993இல் வேதியியல் நோபல் பெற்ற கேரி முல்லிஸ், எய்ட்ஸுக்கு எச்.ஐ.வி. காரணம் என்பதையே ஏற்க மறுத்தார். இந்த வகைக்கு நோபல் நோய் என்று கிண்டலாக ஒரு பெயரே உண்டு. மூவருக்கும் பொதுவானது அந்த இரண்டாம் நாள்தான்.

டன்னிங்-க்ரூகர் விளைவும் இதுவும் ஒன்றுதானே என்று கேட்பார்கள். இல்லை. 1999இல் டன்னிங்கும் க்ரூகரும் வெளியிட்ட ஆய்வு, ஒரு திறமை குறைவாக இருப்பவர்கள் அதே திறமையில் தங்களை எவ்வளவு தவறாக எடைபோடுகிறார்கள் என்பதைப் பற்றியது. அது மனசுக்குள் நடக்கும் கணக்கு. அல்ட்ராக்ரெபிடேரியன் என்பது வெளியே நடக்கும் செயல், வாயைத் திறந்து தீர்ப்புச் சொன்னால்தான் அந்தப் பெயர் ஒட்டும். ஒரு துறையில் பெற்ற அதிகாரத்தை வேறு துறைக்குள் எடுத்துக்கொண்டு போவது என்ற இந்தக் கோணத்தைத் தத்துவவாதி நேதன் பாலன்டைன் 2019இல் ஒரு கட்டுரையில் அறிவு எல்லைக்குள் அத்துமீறல் என்கிற மாதிரி ஒரு பெயர் கொடுத்து ஆராய்ந்திருக்கிறார். பழைய கதையோடு அது இன்னும் நெருக்கமாகப் பொருந்துகிறது.

ஆனால் இந்தச் சொல்லை வீசுவதற்கு முன் யோசிக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. செருப்புத் தைப்பவர் கெண்டைக்காலைப் பற்றிச் சொன்ன குறை தவறு என்று பிளினி எங்கேயும் எழுதவில்லை. நொட்டை சொன்னார் என்கிறார், அவ்வளவே. ஒருவேளை கெண்டைக்கால் நிஜமாகவே கோணலாக இருந்திருக்கலாம்! அதைவிட, இந்தச் சம்பவத்துக்கு அடுத்தாற்போலவே பிளினி இன்னொன்று சொல்கிறார். அலெக்சாந்தர் அப்பெல்லிஸின் பட்டறைக்கு வந்து ஓவியத்தைப் பற்றித் தெரியாத்தனமாக நிறையப் பேசுவாராம். அப்போது ஓவியர் நயமாக, கொஞ்சம் பேசாமல் இருங்கள், வண்ணம் அரைக்கிற பையன்கள் உங்களைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று சொல்வாராம். குற்றம் ஒன்றுதான். அரசனுக்குக் கிடைத்தது நயம், செருப்புத் தைப்பவருக்குக் கிடைத்தது கோபம், பழமொழியாகி 2,000 ஆண்டு நின்றதும் செருப்புத் தைப்பவர் பெயரில்தான். அரசனுக்கு ஒரு சொல் கிடைக்கவில்லை பாருங்கள்.

இந்த ஆயுதம் பிறகும் கீழ்நோக்கியே வீசப்பட்டது. ஜெர்மனியில் யாக்கோப் போமே என்ற செருப்புத் தொழிலாளி 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆழமான இறையியல் நூல்களை எழுதியபோது, கேர்லிட்ஸ் ஊர்ப் பாதிரியார் அவருடைய தொழிலைச் சொல்லியே திட்டினார். பாதிரியாரை இன்று போமேயின் வரலாற்றில் ஓர் அடிக்குறிப்பாகத்தான் தேட வேண்டும். துறை தாண்டி வந்து சாதித்தவர்களும் இருக்கிறார்கள். மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தது கட்டடக்கலை, அவர்தான் நிபுணர்கள் பல பத்தாண்டுகள் மல்லுக்கட்டிய லீனியர் பி என்ற பண்டைய எழுத்துகளைப் படித்து, அது பழைய கிரேக்கம் என்று 1952இல் அறிவித்தார். ஆல்ஃபிரட் வேகனர் வானிலை ஆராய்ச்சியாளர், கண்டங்கள் நகர்கின்றன என்று 1912இல் சொன்னதற்குப் புவியியலாளர்களிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், கண்டங்களை நகர்த்தும் விசை என்று அவர் சொன்ன காரணம் சரியில்லை என்றாலும் கண்டங்கள் நகர்வது உண்மைதான் என்று 1960களில் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. இவர்களை நான் அல்ட்ராக்ரெபிடேரியன் என்று சொல்ல மாட்டேன். வென்ட்ரிஸ் ஆண்டுக்கணக்கில் குறிகளை அட்டவணை போட்டு, அந்த அட்டவணைகளை மற்ற ஆராய்ச்சியாளர்களுக்கு அனுப்பி வைத்தார், பிறகு கேம்பிரிட்ஜைச் சேர்ந்த மொழி அறிஞர் ஜான் சாட்விக்கோடு சேர்ந்து வேலை செய்தார். சரிபார்க்க வழி வைத்துவிட்டுப் பேசுகிறவரும், என் பேச்சுக்கு என் பெயரே ஆதாரம் என்று பேசுகிறவரும் ஒன்றாக மாட்டார்கள்.

தமிழில் எப்படிச் சொல்வது? அதிகப்பிரசங்கி கிட்டத்தட்ட வருகிறது, ஆனால் அதில் அளவுக்கு மீறிப் பேசுவதும் மரியாதைக் குறைவும்தான் முன்னால் நிற்கின்றன, துறை என்ற எண்ணம் இல்லை. மூக்கை நுழைப்பவர் என்றால் அடுத்தவர் விவகாரத்தில் தலையிடுபவர், அவருக்கு விஷயம் நன்றாகத் தெரிந்தும் இருக்கலாம். மொழிபெயர்ப்பில் வந்தால் நான் துறை தாண்டித் தீர்ப்புச் சொல்பவர் என்று விரித்தே எழுதுவேன்.

பயன்படுத்துவது பற்றி. உச்சரிப்பில் அழுத்தம் 'டே' மேல் விழும்: அல்ட்ராக்ரெபி-டே-ரியன். எழுத்தில் இப்போது பெரும்பாலும் ஒரே சொல்லாக எழுதுகிறார்கள், பழைய அச்சில் அல்ட்ராவுக்குப் பிறகு ஒரு சிறு கோடு இருக்கும். குணத்தைச் சொல்ல அல்ட்ராக்ரெபிடேரியனிசம் உண்டு, அல்ட்ராக்ரெபிடேட் என்று வினையும் அகராதிகளில் கிடைக்கிறது, அதை யாரும் சீரியஸாகப் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அலுவல் கடிதத்திலோ தேர்வுக் கட்டுரையிலோ போட்டால் வாசிப்பவர் அகராதிக்கு ஓட வேண்டியிருக்கும், அங்கே அது தேவையில்லாத பந்தா. கிண்டலான கட்டுரை, சொற்களை ரசிக்கும் நண்பர்களோடு அரட்டை, இந்த மாதிரி இடங்களில் நன்றாக வேலை செய்யும். ஒருவரை நேருக்கு நேர் அப்படி அழைப்பதாக இருந்தால் மட்டும், அவர் செருப்பைப் பற்றி முதல் நாள் சரியாகச் சொன்னவரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அவருக்கு நீங்கள் கொடுப்பது தகுதிக்கு மீறிய பட்டம்.